பழைய பாட்டில் கேட்ட கீபோர்டு ஒலியை உங்கள் சின்தில் எடுப்பது எப்படி

போன மாதம் என் அக்கா மகன் தன் புது சின்தை (சின்தசைசர் கீபோர்டை) தூக்கிக்கொண்டு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். "மாமா, இதுல விண்டேஜ்னு பேர் போட்டு நாப்பது ஒலி இருக்கு, ஒண்ணுகூட பழைய ரெக்கார்டுல கேக்குற மாதிரி இல்ல" என்று வருத்தப்பட்டான். வாசித்துக் காட்டச் சொன்னேன். ஆர்கன் ஒலியை எடுத்து விரலை மெல்ல வைத்தான், மெல்ல வந்தது. ஓங்கி அடித்தான், ஓங்கி வந்தது. அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. பழைய ஹேமண்ட் ஆர்கனில் கட்டையை எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒரே சத்தம்தான், ஏனென்றால் அதில் கட்டை என்பது வெறும் மின் சுவிட்ச், நாம் விளக்குப் போடுகிற மாதிரி. இவன் ஆர்கனைப் பியானோவாக அடித்துக்கொண்டிருந்தான், சின்தும் பியானோவாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வெலாசிட்டியை (அடிக்கும் பலத்துக்கு ஏற்ப ஒலி மாறும் வசதியை) அணைத்துவிட்டுச் சுழலும் ஸ்பீக்கர் எஃபெக்டைப் போட்டோம், பையன் முகம் மலர்ந்துவிட்டது.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பழைய கீபோர்டு பெரும்பாலும் ஒரு இயந்திரம். உள்ளே ஒரு சுத்தி கம்பியை அடிக்கும், ஒரு சக்கரம் சுற்றும், ஒரு டேப் ஓடும். எந்தக் குமிழையும் திருப்புவதற்கு முன்னால் அந்தப் பெட்டிக்குள் எது எதை அடித்துச் சத்தம் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் குமிழ் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

தேவையான சாமான்

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், என்வலப், எல்எஃப்ஓ உள்ள எந்தச் சின்தும் போதும். கம்ப்யூட்டர் இருந்தால் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டெக்செட் மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. டெக்செட் என்பது 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் மென்பொருள் வடிவம். ஒரு நல்ல ஹெட்ஃபோன், ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான்.

நோட்டுப் புத்தகம் ஏன் என்றால், 2023இல் லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்த ஒரு கிளாவினெட் ஒலி, சேமிப்பதற்கு முன்னால் மின்சாரம் போய் என் கையை விட்டுப் போனது. அதே ஒலி மறுபடி கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பத்து நிமிடமும் சேமிக்கிறேன், முக்கியமான எண்களைப் பேனாவால் எழுதியும் வைக்கிறேன்.

தொடங்குவதற்கு நாலு சொல் தெரிந்தால் போதும். ஆஸிலேட்டர் ஒலியைப் பிறப்பிக்கும். ஃபில்டர் அதன் கூர்மையை வெட்டும். எல்எஃப்ஓ மெதுவாக ஆடி ஒலியை அசைக்கும். என்வலப் என்பது ஒலி எப்படி ஆரம்பித்து எப்படி முடிகிறது என்ற வடிவம். அதில் அட்டாக் என்பது ஒலி எழும் நேரம், டிகே தேயும் நேரம், சஸ்டெயின் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு, ரிலீஸ் விரலை எடுத்த பிறகு அடங்கும் நேரம். கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடித்த நொடியில் உச்சம், அப்புறம் நீங்கள் என்ன செய்தாலும் தேய்ந்துகொண்டே போகும். நாதஸ்வரம் அப்படி இல்லை, மூச்சு இருக்கும் வரை நிற்கும். உங்கள் கீபோர்டு மணி சாதியா நாதஸ்வர சாதியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மணி என்றால் சஸ்டெயின் பூஜ்யம், டிகே நீளம். நாதஸ்வரம் என்றால் சஸ்டெயின் முழுசு.

முதல் படி: காது

பாட்டில் அந்தக் கீபோர்டு தனியாக வரும் ஒரு இடத்தைப் பிடியுங்கள், பெரும்பாலும் தொடக்கத்தில் இருக்கும். ஐந்து நொடியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். முதலில் ஆரம்பத்தில் "டக்" இருக்கிறதா, "ஸ்ஸ்" இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று பாருங்கள். அடுத்து, பிடித்திருக்கும்போது தேய்கிறதா. பலமாக அடித்த இடத்தில் சத்தம் மட்டும் கூடுகிறதா, நிறமும் மாறுகிறதா. கடைசியாக ஒலி ஆடுகிறதா, ஆடினால் காதுக்குக் காது போகிறதா, நின்ற இடத்திலேயே துடிக்கிறதா. இந்தப் பதில்களை எழுதி வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் வரைபடம். புதிதாக வருகிறவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகக் குமிழுக்குப் போகிறார்கள், அங்கேதான் நாள் முழுவதும் வீணாகிறது.

எலக்ட்ரிக் பியானோ: ரோட்ஸ், வுர்லிட்சர், டிஎக்ஸ்7

மூன்றையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள், மூன்றும் வேறு வேறு.

ரோட்ஸில் ரப்பர் முனை வைத்த சுத்தி ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை அடிக்கும். அந்தக் கம்பி ஒரு காந்தச் சுருள் பிக்கப் முன்னால் துடிக்கும், கிட்டார் மாதிரிதான். மெல்ல அடித்தால் கிட்டத்தட்ட சுத்தமான சைன் அலை, உருண்டையாக, பால் மாதிரி. பலமாக அடித்தால் கம்பி அதிகமாக ஆடி ஒரு குரைப்பு வரும். அதனால் ஒரு சைன் ஆஸிலேட்டரை எடுங்கள், அதே ஸ்ருதியில் இன்னொரு சைனை வைத்து எஃப்எம் முறையில் முதலாவதை அசைக்க விடுங்கள், அந்த அசைவின் அளவை வெலாசிட்டியோடு கட்டுங்கள். மெல்ல வாசித்தால் அசைவே இல்லாமல், ஓங்கினால் நிறைய. இதுதான் இந்த ஒலியின் உயிர், இதில் அரை மணி நேரம் செலவழித்தாலும் தவறில்லை. அடித்த நொடியில் வரும் சின்னக் கிண்கிணிக்கு மூன்றாவது ஆஸிலேட்டர் இருந்தால் அதில் ஒரு சைனை 14 மடங்கு ஸ்ருதியில், மிகக் குறைந்த அளவில், அரை நொடிக்குள் சாகிற மாதிரி சேருங்கள். கீழ்ச் சுரங்கள் நெடுநேரம் ஒலிக்க வேண்டும், மேல்ச் சுரங்கள் சீக்கிரம் தேய வேண்டும், அதற்கு கீ டிராக்கிங் (எந்தக் கட்டை என்பதைப் பொறுத்து அளவை மாற்றும் வசதி) இருந்தால் டிகேயோடு இணையுங்கள். விரலை எடுத்ததும் ஃபெல்ட் வந்து கம்பியை அடக்கிவிடும், ஆகவே ரிலீஸ் குட்டையாக இருக்கட்டும். சூட்கேஸ் மாடலில் ஒலி இடமிருந்து வலம் போய்வரும். பெட்டியில் வைப்ரேட்டோ என்று எழுதியிருந்தாலும் ஸ்ருதி ஆடாது, இடம்தான் ஆடும். எனவே எல்எஃப்ஓவைப் பேனில் (ஒலியை இடம் வலம் நகர்த்தும் குமிழில்) போடுங்கள், பிட்ச்சில் (ஸ்ருதியில்) போடாதீர்கள்.

வுர்லிட்சரில் கம்பிக்குப் பதில் தட்டையான எஃகு நாக்கு, ஆர்மோனிய ரீடுக்கு தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்றுக்குப் பதில் சுத்தி. ஒலி கொஞ்சம் மூக்கால் பேசும், ஓங்கி அடித்தால் சீக்கிரமே கரகரக்கும். முக்கோண அலையில் தொடங்குங்கள், மெல்லிய டிரைவ் (ஒலியைக் கரகரக்க வைக்கும் எஃபெக்ட்) போட்டு அதையும் வெலாசிட்டிக்குக் கட்டுங்கள். ட்ரெமலோ, அதாவது சத்தம் ஏறி இறங்கும் ஆட்டம், நின்ற இடத்திலேயே துடிக்கும், நொடிக்கு ஐந்தாறு முறை. 200ஏ மாடலின் உடம்பிலேயே சின்ன ஸ்பீக்கர்கள் இருந்ததால் ஆழமான பாஸும் உச்சக் கூர்மையும் அங்கே எடுபடாது, நீங்களும் ஈக்யூவில் (பாஸையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) இரண்டு முனையையும் வெட்டுங்கள்.

டிஎக்ஸ்7-இன் பியானோவோ இரண்டையும் பார்த்து எண்களால் செய்த இன்னொரு பிறவி. 80களின் நடுவில் வந்த மெதுவான காதல் பாட்டுகளில், நம் தமிழ் சினிமா மெலடிகளிலும்தான், கேட்கிற அந்தக் கண்ணாடி மணி இதுதான். டெக்செட்டைத் திறந்து ஈ.பியானோ 1 என்ற பேட்சை (சேமித்து வைத்த ஒலி அமைப்பை) பாருங்கள். ஐந்தாவது அல்காரிதம் (ஆபரேட்டர்களை இணைக்கும் முறை), மூன்று ஜோடி, ஒரே ஒரு ஆபரேட்டர் (அதில் உள்ள சைன் ஆஸிலேட்டர்) மட்டும் 14 மடங்கில். மேலே சொன்ன 14 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். இந்த ஒலிக்கு டிரைவ் போடாதீர்கள், கொஞ்சம் கோரஸும் (ஒலியை இரட்டித்துத் தடிப்பாக்கும் எஃபெக்ட்) நிறைய ரிவெர்பும் (எதிரொலி) போதும்.

ஆர்கன்

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீளும்.

ஹேமண்ட் பி-3-க்குள் 91 பல் சக்கரங்கள் ஒரே மோட்டாரில் சுற்றுகின்றன. ஒவ்வொரு சக்கரமும் தன் காந்தத்துக்கு முன்னால் சுற்றும்போது கிட்டத்தட்ட ஒரு சைன் அலை பிறக்கிறது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒன்பது சக்கரங்களின் ஒலி வந்து சேரும், ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும் என்பதை டிராபார் என்ற ஒன்பது இழுப்பான்கள் சொல்லும், ஒவ்வொன்றிலும் 0 முதல் 8 வரை. ஒன்பதின் விகிதங்கள் வரிசையாக 0.5, 1.5, 1, 2, 3, 4, 5, 6, 8. கவனியுங்கள், ஏழு இல்லை.

இந்தச் சக்கர விஷயத்தை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. பல வருடம் முன்னால் எங்கள் பஜனைக் குழுவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பழைய ஹேமண்ட் கிடைத்தது. அது 120 வோல்ட் கருவி, இங்கே நமக்கு 230, ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினோம். மோட்டார் ஓடியது, விளக்கு எரிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். நான் சி கட்டையை அழுத்தினேன், பக்கத்தில் ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் ஏ-யைத் தொட்டார், கிட்டத்தட்டச் சேர்ந்தது, ஆனால் ஆர்கன் அதற்கும் ஒரு மயிரிழை கீழே நின்றது. "தம்பி, உன் பெட்டி மூணு கட்டை இறங்கிப் பாடுது" என்றார். அவர் காது சரி. அந்த மோட்டார் மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்துச் சுற்றுகிறது, அமெரிக்காவில் நொடிக்கு 60, தென்னாப்பிரிக்காவில் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், துடிப்பை மாற்றாது. சக்கரம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடியது, ஸ்ருதி மூன்று செமிடோனுக்குச் சற்று அதிகமாக இறங்கியது. பழைய அமெரிக்கக் கருவி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் 50 என்ற எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, சின்துக்கு வருவோம். மூன்று ஆஸிலேட்டர் இருந்தால் மூன்றிலும் சைன் வையுங்கள். ஒன்று அப்படியே, ஒன்று ஒரு ஆக்டேவ் கீழே, ஒன்று ஏழு செமிடோன் மேலே, மூன்றும் சம அளவு. முதல் மூன்று டிராபாரை முழுக்க இழுத்த 888000000 என்ற பிரபலமான அமைப்பு உங்கள் கையில். டெக்செட்டில் 32ஆவது அல்காரிதத்தில் ஆறு சைனும் தனித்தனியாக ஒலிக்கும், அதில் ஆறு டிராபார் வரை கட்டலாம். அட்டாக் பூஜ்யம், சஸ்டெயின் முழுசு, ரிலீஸ் பூஜ்யம், வெலாசிட்டி அணைப்பு. அப்புறம் ஆரம்பத்தில் சில மில்லி செகண்ட் மட்டும் ஒரு நாய்ஸ் சொடுக்கு. அசல் கருவியில் கட்டைக்கு ஒன்பது தொடுமுனைகள், அவை ஒரே நேரத்தில் சேராததால் வந்த சொடுக்கு அது. செய்தவர்கள் அதைக் குறையாக நினைத்து அடக்கப் பார்த்தார்கள், வாசித்தவர்கள் அதையே விரும்பினார்கள். பெர்கஷன் (சுரத்தின் தொடக்கத்தில் வரும் தட்டல்) வேண்டுமென்றால், இரண்டாவது அல்லது மூன்றாவது ஹார்மோனிக்கில் (இரண்டு அல்லது மூன்று மடங்கு ஸ்ருதியில்) சீக்கிரம் தேயும் ஒரு சைனைச் சேருங்கள், ஆனால் எல்லா விரலையும் எடுத்த பிறகு அழுத்தும் முதல் சுரத்துக்கு மட்டும் அது வர வேண்டும். ஒட்டி வாசித்தால் வராது. இதைச் சரியாக வைத்தால் உங்கள் விரல் வாசிக்கும் முறையே மாறும்.

இனி லெஸ்லி. இது பெட்டிக்குள் சுற்றும் ஸ்பீக்கர். சுமார் 800 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது ஒரு கொம்பு வழியாகவும், கீழே உள்ளது ஒரு டிரம் வழியாகவும் வரும், இரண்டும் தனித்தனியாகச் சுற்றும். மெதுவான வேகத்தில் கொம்பு நொடிக்கு ஒரு சுற்றைவிடக் கொஞ்சம் குறைவு, வேகத்தில் ஆறேழு சுற்று. கொம்பு லேசு என்பதால் ஒரு நொடி அளவில் வேகம் பிடித்துவிடும், டிரம் கனம் என்பதால் பின்தங்கி வரும். அந்த மாறும் தருணம்தான் கேட்பவர் நெஞ்சைப் பிடிக்கும். எந்த ரோட்டரி எஃபெக்ட் எடுத்தாலும் வேக மாற்றத்தை ஒரு பட்டனிலோ மாட்யுலேஷன் சக்கரத்திலோ வையுங்கள், ஒரு வரி பாடி முடியும் இடத்தில் மட்டும் வேகத்துக்குப் போங்கள், அடுத்த வரிக்கு இறங்கி வாருங்கள். பாட்டு முழுக்க வேகத்திலேயே ஓட விட்டால் காது களைத்துவிடும். இதற்குப் பாடம் வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் குவாசுலு-நடாலிலிருந்து 1974இல் கிளம்பிய சோல் பிரதர்ஸ் குழுவின் ம்பகாங்கா (தென்னாப்பிரிக்க நடன இசை) பாட்டுகளில் மோசஸ் ங்வென்யாவின் ஹேமண்டைக் கேளுங்கள். பாடகர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவர் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிளாவினெட்

ஸ்டீவி வொண்டரின் 1972 பாட்டான 'சூப்பர்ஸ்டிஷன்' தொடக்கம், அவ்வளவுதான் விளக்கம். கட்டைக்கு அடியில் உள்ள ரப்பர் முனை ஒரு கம்பியை உலோகத்தின் மேல் நசுக்குகிறது, விரலை எடுத்தால் நூல் சுற்றிய பகுதி அதை அடக்கிவிடுகிறது. பல்ஸ் அலையை எடுத்து அகலத்தை 10 முதல் 20 சதவீதத்துக்குள் குறுக்குங்கள், ஹைபாஸ் ஃபில்டரால் அடியை வெட்டுங்கள், அட்டாக் பூஜ்யம், சஸ்டெயின் பூஜ்யம், ரிலீஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். விரலை எடுக்கும்போது ஒரு துளி நாய்ஸ் வந்தால் இன்னும் நிஜமாக இருக்கும். ஆனால் உண்மையில் இது பாதிக்கு மேல் விரல் வேலை. மிருதங்கக்காரர் இடக்கையால் நிரப்புகிற மாதிரி, சத்தம் வராத குட்டித் தட்டல்களை இடக்கை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோர்டாக நீட்டிப் பிடித்தால் எந்தப் பேட்சும் கிளாவினெட் ஆகாது.

ஸ்ட்ரிங்ஸ், மெலட்ரான்

1974இல் வந்த சோலினா ஸ்ட்ரிங் என்செம்பிளில் எல்லாச் சுரமும் சாதாரண ரம்பப்பல் அலைதான், அதாவது சாடூத். அதைத் தனியாகக் கேட்டால் தேனீ மாதிரி ரீங்காரம். அழகு முழுவதும் கடைசியில் உள்ள என்செம்பிள் சுற்றில் இருக்கிறது: மூன்று டிலே, மெதுவான ஒரு அசைவு, வேகமான இன்னொரு அசைவு. அதனால் ஆஸிலேட்டரில் நேரத்தைச் செலவழிக்காமல், கோரஸை இரண்டு தடவை அடுக்குங்கள், ஒன்றின் வேகம் நொடிக்கு ஒன்றுக்கும் கீழே, இன்னொன்று ஆறு அளவில், இரண்டாவது மிகக் குறைவாக. அட்டாக் சற்று மெதுவாக.

மெலட்ரானில் கட்டைக்கு ஒரு டேப், ஒவ்வொன்றும் சுமார் 8 நொடிதான். 1967இல் பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் அதுதான். இதைச் சின்தில் கட்டாதீர்கள், சாம்பிளை (அசல் கருவியின் பதிவை) எடுங்கள், லூப் (திரும்பத் திரும்ப ஓட விடுவது) போடாதீர்கள், 8 நொடியில் நின்றுபோகட்டும்.

70, 80களின் தடித்த ஒலிகள்

ரோலண்ட் ஜூனோ-60 சின்த் என்றால் எல்லோரும் இரண்டு மூன்று ஆஸிலேட்டரை டீட்யூன் செய்கிறார்கள், அதாவது ஸ்ருதியைத் துளி பிரிக்கிறார்கள். அந்தக் கருவியில் ஒரு குரலுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும்) ஒரே ஆஸிலேட்டர்தான், கீழே ஒரு துணை ஆஸிலேட்டர் (சப்), பிறகு அந்தக் கோரஸ். தடிமன் கோரஸிலிருந்து வருகிறது. ஆகவே ஒரு சாடூத், ஒரு சப், மேல் கூர்மையை வெட்டும் லோபாஸ் ஃபில்டர், நல்ல ஸ்டீரியோ கோரஸ், முடிந்தது.

வான் ஹேலனின் 'ஜம்ப்' மாதிரியான பித்தளை ஒலி நேர் எதிர். அது ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ, குரலுக்கு இரண்டு ஆஸிலேட்டர், ஒவ்வொரு குரலும் மற்றதிலிருந்து துளி விலகியிருக்கும். இரண்டு சாடூத்தைச் சில சென்ட் (செமிடோனில் நூறில் ஒன்று ஒரு சென்ட்) மட்டும் பிரியுங்கள், ஃபில்டர் திறக்க ஒரு சின்னத் தாமதம் கொடுங்கள், ஸ்ருதிக்கு ஒரு துளி தற்செயல் அசைவு கொடுங்கள். கோரஸ் இல்லாமல் முதலில் கேளுங்கள்.

மினிமூக் பாஸுக்கு ஒரே விதி, ஒரு நேரத்தில் ஒரே சுரம். மோனோவில் போட்டு, 24 டெசிபல் லோபாஸில் டிகேயைக் குட்டையாக வைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கடைசிப் படி: ரெக்கார்டோடு ஒப்பிடுவது, மண்டபத்துக்குக் கொண்டுபோவது

நீங்கள் கேட்ட ஒலி கருவியிலிருந்து மட்டும் வரவில்லை, ஆம்ப், டேப், மிக்சர் எல்லாம் தாண்டி வந்தது. எனவே உங்கள் ஒலியை ரெக்கார்டின் அதே சத்த அளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் உங்களுடையது கூர்மை அதிகமாகவும் அடி கனமாகவும் இருக்கும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டுங்கள், மெல்லிய டேப் சாச்சுரேஷன் (பழைய டேப்பின் லேசான கரகரப்பைத் தரும் எஃபெக்ட்) போடுங்கள், பிறகு பாட்டோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். தனியாகக் கேட்கும்போது மெலிந்ததாகத் தெரியும் ஒலி பாட்டுக்குள் சரியாக உட்காரும்.

கல்யாண மண்டபத்தில் வாசிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பல மண்டபங்களில் ஸ்பீக்கர் நான்கு இருந்தாலும் மிக்சரிலிருந்து போவது மோனோதான், அதாவது இடம் வலம் பிரிவில்லாத ஒரே ஒலி. ஹெட்ஃபோனில் காதுக்குக் காது அழகாக ஆடிய ரோட்ஸ் அங்கே அசையாமல் கல்லாக நிற்கும், கோரஸும் மெலிந்துவிடும். வீட்டிலேயே வெளியீட்டை மோனோவாக்கி ஒருமுறை கேட்டுவிடுங்கள். பேனில் போட்ட எல்எஃப்ஓவை வால்யூமுக்கு மாற்றி, ஆழத்தைப் பாதியாக்கி, இன்னொரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகன் அதற்கு "ஹால்" என்று பெயர் வைத்திருக்கிறான், வரும் சனிக்கிழமை டர்பன் பீனிக்ஸில் ஒரு கல்யாணத்தில் அதைத்தான் வாசிக்கப்போகிறான்.